பிளவில் பிறந்த ஓடை, பாதியில் நின்ற பாதை

கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரில், 85-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் புறப்பட்டு, ஸ்டீவன்ஸ் கிரீக் என்னும் ஓடையை ஒட்டியே சுமார் 8 கிலோமீட்டர் வரும் நடைபாதை, இந்தப் பாலத்தில் ஏறி இறங்கியதும் முடிந்துவிடுகிறது. எதிரே ஒரு குடியிருப்புத் தெரு. குப்பைத் தொட்டிகள், வாசலில் கூடைப்பந்து வளையம், வரிசையாகக் கார்கள். ஓடை மட்டும் வீடுகளின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே, வேலிகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. சில கிலோமீட்டர் தெற்கே கூப்பர்டினோவில் பாதை மறுபடி தலைகாட்டும். அங்கேயும் ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் அதிகம். அதற்கு மேலே அணை, பள்ளத்தாக்குச் சாலை, பிறகு மலைக்காட்டுத் தடங்கள். மலை முதல் வளைகுடா வரை ஒரே பாதையாக நடந்துவிட வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களின் அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆசை. இன்றுவரை நடக்கவில்லை.

சாயங்காலத்தில் இந்தப் பாதையில் நடந்தால் காதில் தமிழ் விழாமல் இருக்காது. மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பெற்றோர்கள், புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடப்பார்கள். பாதை முடியும் இடத்தில் நின்ற பெரியவர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: "இந்த வாய்க்கால் எங்கேருந்து வருது தம்பி?" கோடையில், கரைக்குக் கரை காய்ந்த கூழாங்கல்லாகக் கிடந்தது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கேள்வி சரியான கேள்வி. பதிலைத் தேடிப் போனால் இந்தச் சிற்றோடைக்குள் நிலநடுக்கம், நிலத்தடி நீர், கடலுக்குப் போய்த் திரும்பும் மீன் எல்லாம் வந்து சேர்கின்றன. அதற்குப் பாதையை விட்டுவிட்டு ஓடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பேஜ் மில் என்னும் சாலை வளைந்து வளைந்து மலையேறி முடியும் இடத்தருகே மான்டி பெல்லோ என்ற காப்புநிலம் இருக்கிறது. பிளாக் மவுன்டன் என்ற, 850 மீட்டர் உயர மலையின் மேற்குச் சரிவு அது. ஓடை பிறப்பது இங்கேதான். வளைகுடா இருப்பது வடகிழக்கே. ஓடை கிளம்புவதோ தென்கிழக்கே. தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் போகும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளம் ஏன் சேர வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைவு நெளிவு இல்லாமல் நேராகக் கிடக்கிறது? மலைப் பள்ளத்தாக்குகள் பொதுவாக அப்படி இருப்பதில்லை.

காரணம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு. கலிஃபோர்னியாவின் உடம்பில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் இந்தப் பிளவுதான் பசிபிக் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் உரசிக்கொள்ளும் எல்லை. மேற்குப் பக்கம் வடமேற்கு நோக்கி நகர்கிறது. இந்த வட்டாரத்தில் பிளவின் நகர்வு சராசரியாக ஆண்டுக்கு ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர். சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது நகர்வதில்லை. பாறைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகள் அசையாமல் நிற்கும். இழுவிசை சேர்ந்துகொண்டே போகும். பூட்டு உடையும் நாளில் பாக்கி முழுவதையும் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும். 1906 ஏப்ரல் 18 அதிகாலையில் அப்படி ஒரு நாள் வந்தது. சுமார் 470 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு கிழிந்தது, 7.9 அளவு நிலநடுக்கம். வடக்கே பாயின்ட் ரெயஸ் அருகே ஒரு சாலை அறுந்து, ஒரு துண்டு மறு துண்டிலிருந்து கிட்டத்தட்ட 6 மீட்டர் விலகி நின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரம் எரிந்த கதை உலகம் அறிந்தது. அந்தக் கிழிசல் ஸ்டீவன்ஸ் ஓடையின் தொட்டில் வழியாகவும் போனது என்பதை அங்கே நடப்பவர்களிலேயே பலர் அறிய மாட்டார்கள்.

இரண்டு பாறைத்தொகுதிகள் இத்தனை லட்சம் ஆண்டுகளாக உரசினால் நடுவில் மாட்டிய பாறை என்ன ஆகும்? அம்மியில் அரைபட்டது போலத்தான். பிளவை ஒட்டி, பல மீட்டர் அகலத்துக்குப் பாறை நொறுங்கி, சில இடங்களில் வழவழப்பான களிமண்ணாகவே ஆகிக் கிடக்கிறது. மழைநீருக்கு இருபுறமும் உறுதியான பாறை. நடுவே தொட்டால் கரையும் இந்தப் பட்டை. அது எதை அறுக்கும்? அதனால்தான் பள்ளத்தாக்கு நேராக இருக்கிறது. ஓடை தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளவில்லை. பிளவு அரைத்து வைத்ததை அள்ளிக்கொண்டு போகிறது.

அங்கே போகிறவர்கள் ஒரு காலை இந்தத் தட்டிலும் மறு காலை அந்தத் தட்டிலும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதுண்டு. சந்தோஷமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் எல்லை என்பது அப்படி ஒரு கோடு அல்ல. 1906-ல் கிழிந்தது ஒரு தடம்; அதற்கு முன்னால் வேறு தடங்கள் கிழிந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்த ஒரு நொறுங்கிய வலயம் அது, இரண்டு கால்களுக்கு நடுவே அடங்காது. சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள லாஸ் டிராங்கோஸ் காப்புநிலத்தில், கிழிந்த தடங்களைக் கம்பம் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். விலகிப்போன வேலி எப்படி இருந்திருக்கும் என்பதற்கும் ஒரு மாதிரி உண்டு.

அந்த இடத்தில் எனக்கு வேலியைவிடப் பிடித்தது கற்கள்தான். உருண்டைக் கூழாங்கற்கள் மணலோடு இறுகி ஒட்டிய பாறைத் துண்டுகள் அங்கே கிடக்கின்றன. அந்தக் கூழாங்கற்களின் வகை அக்கம்பக்கத்து மலை எதிலும் இல்லை. சுமார் 35 கிலோமீட்டர் தென்கிழக்கே, பிளவின் மறுகரையில், லோமா பிரியேட்டா மலைப்பகுதியில் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய கற்கள் இவை. பிறகு பிளவு அவற்றை இங்கே சுமந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் 35 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள். தன்னைப் பெற்ற மலையைத் தொலைத்துவிட்டு நிற்கும் கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும், காப்புநில விதி அது.

களிமண் பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு: நிலத்தடி நீரை அது குறுக்கே விடாது. மலைக்குள் இறங்கி வரும் நீர் இந்தச் சுவரில் மோதி மேலே எழும். அதனால் பிளவை ஒட்டி ஊற்றுகள் கசிகின்றன. நிலம் கொஞ்சம் அமிழ்ந்த இடங்களில் குட்டைகள் தேங்குகின்றன. மான்டி பெல்லோவிலேயே வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகில் கோரை மண்டிய அப்படி ஒரு குட்டை இருக்கிறது. மே மாதம் முதல் மழையே காணாத ஊரில் மேலோடையில் ஆகஸ்டிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது என்றால், அதில் பிளவுக்கும் பங்கு உண்டு.

இந்த ஊர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை, மற்ற மாதங்களில் சொட்டுக்கூட இல்லை என்று சொல்லிவிடலாம். செடிகொடிகள் இதற்கேற்பத்தான் பிழைக்கின்றன. ஓடைக்கரையில் பக்கை என்ற மரம் ஜூலையிலேயே இலையைக் கருக்கி உதிர்த்துவிட்டு, மொட்டைக் கிளைகளில் பேரிக்காய் அளவுக் காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் இல்லாத மாதங்களில் கடையைச் சாத்திவிடுகிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் எல்லோருக்கும் முந்தித் துளிர்க்கும்.

கரையில் தொடக் கூடாத செடி ஒன்று உண்டு: பாய்சன் ஓக். காம்புக்கு மூன்று இலைகள். வசந்தத்தில் பளபளப்பான பச்சை, கோடை முடிவில் அழகான சிவப்பு. அழகில் மயங்கித் தொட்டால் இரண்டு நாளில் கொப்பளம். இலையில் உள்ள உருஷியால் என்ற எண்ணெய்தான் காரணம். தோலில் அது ஒட்டிக்கொண்டதும் நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் தோலையே அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன. நமக்கு இது புதிதல்ல. வண்ணார்கள் துணியில் குறிபோடப் பயன்படுத்திய சேங்கொட்டை இதே குடும்பம். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோவது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெயும் மாம்பழக் காம்பின் பாலும்கூட அதே வகைதான். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகும் உடம்புக்காரர்கள் இந்தக் கரையில் கூடுதல் கவனமாக நடப்பது நல்லது.

ஓடையில் நீர் ஓடும் நாளில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிப்புறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மணல் குழாய்கள் ஒட்டியிருக்கும். மணலை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்டிய குழாய். ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தால் முனையிலிருந்து கருத்த தலையும் ஆறு கால்களும் வெளியே வரும். கேடிஸ் ஈ எனப்படும் பூச்சியின் புழு அது. மணலை ஒட்டும் பசை அதன் வாயிலிருந்து வரும் பட்டு. தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பட்டு! இந்தப் பூச்சியினம் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் விட்டில்களுக்கும் நெருங்கிய உறவு. அந்த வகையில் காஞ்சிபுரம் தறிக்கு நூல் தரும் பட்டுப்புழுவுக்கும் சொந்தம். அழுக்கு நீரில் இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை வாழா. ஓடையின் உடல்நிலையை அறிய ஆய்வாளர்கள் ரசாயனச் சோதனையோடு கல்லையும் புரட்டுவது அதனால்தான். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

பிளவோடு தென்கிழக்காக ஓடிய ஓடை ஓரிடத்தில் அதை விட்டுப் பிரிந்து, மலைமுதுகைச் சுற்றிக் கொண்டைஊசியாகத் திரும்பி, வடகிழக்கே பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கே அதை வழிமறிப்பது 1935-ல் கட்டிய மண் அணை. நம் மேட்டூர் அணை முடிந்ததற்கு மறு ஆண்டு. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஸ்டீவன்ஸ் கிரீக் அணையுடையது 0.14 டிஎம்சிகூட வராது. இத்தனூண்டு தண்ணீரைத் தேக்கி என்ன செய்ய?

அணை கட்டியதே தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பத்தான். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பெயர் வாங்கியிருக்கும் இந்த சான்டா கிளாரா சமவெளி அப்போது பிளம், ஏப்ரிகாட், செர்ரித் தோப்பு. தோப்புக்குக் கிணற்றுப் பாசனம். பம்பு வந்ததும் ஊற்று நீரை வஞ்சனையில்லாமல் இறைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் நில அளவைக்காரர்கள் பழைய உயரக் குறிகளை மறுபடி அளந்தபோது கணக்கு இடித்தது: சான் ஹோசே நகரமே கீழே இறங்கியிருந்தது. நிலத்தடி நீரை இறைத்ததால் ஊர் அமிழ்கிறது என்று அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுகொண்டது இங்கேதான். 1960களின் இறுதிக்குள் நகரின் நடுப்பகுதி 4 மீட்டர் தாழ்ந்துவிட்டது.

நான்கு மீட்டர் இறங்கியும் வீடுகள் விரிசல் விடவில்லை, ஏனென்றால் ஊர் முழுக்கச் சேர்ந்து இறங்கியது. கிணறுகள்தான் காட்டிக்கொடுத்தன. ஆழத்தில் ஊன்றிய இரும்புக் குழாய்கள் அப்படியே நிற்க, சுற்றியிருந்த மண் இறங்கியதால் குழாய்கள் தரைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன.

ஏன் இறங்குகிறது? சமவெளிக்கு அடியில் மணலும் ஜல்லியும் ஒரு அடுக்கு, களிமண் ஒரு அடுக்கு என்று மாறி மாறி இருக்கின்றன. மேலே உள்ள மண்ணின் பாரத்தை மணல் துகள்களோடு துகள்களுக்கு இடையே உள்ள நீரும் சேர்ந்து தாங்குகிறது. நீரை இறைத்தால் பாரம் முழுவதும் துகள்கள் மேல் விழும். மணல் தாக்குப்பிடிக்கும், பின்னர் நீர் வந்தால் பழைய நிலைக்கு ஓரளவு திரும்பும். களிமண்ணின் தகடு போன்ற நுண்துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து இறுகிவிடும். மறுபடி எத்தனை நீர் ஊட்டினாலும் எழாது. அணைகள் கட்டி, 1960களில் வெளியிலிருந்து கால்வாய் நீர் கொண்டுவந்து, இந்த ஊர் தன் நீர்மட்டத்தை மீட்டுக்கொண்டது, அமிழ்வதும் நின்றது. அமிழ்ந்தது அமிழ்ந்ததுதான். வளைகுடாக் கரையில் ஆல்விசோ என்ற பகுதி இன்று கடல்மட்டத்துக்குக் கீழே, கரை கட்டித்தான் வாழ்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே இருக்கும் நம் நகரங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் உண்டு.

மலையிலிருந்து இறங்கும் ஓடை, சரிவு குறையும் இடத்தில் தன் சுமையைக் கொட்டும். பெரிய ஜல்லி முதலில், பொடி மணல் அப்புறம், வண்டல் கடைசியில். இப்படி விசிறியாகப் பரந்த ஜல்லிப்படுகையின் மேல்தான் கூப்பர்டினோ உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓடும் நீர் இறங்கிக்கொண்டே போகும். அணையிலிருந்து கோடையில் அளந்து விடும் நீர் கண்முன்னே மெலிந்து, ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். பெரியவர் வாய்க்கால் என்று பார்த்த காய்ந்த கூழாங்கல் அதன் கீழ்க்கோடி. நீர் தொலைந்துவிடவில்லை, காலுக்குக் கீழே கிணறுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடையின் தொடர்ச்சி அறுவதே இங்கே ஒரு பயன்.

ஆனால் மீனுக்கு அது பயன் இல்லை. இந்த ஓடையின் மிக முக்கியமான பயணி ஸ்டீல்ஹெட் என்ற மீன். ரெயின்போ டிரவுட் என்றால் நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து மலையோடைகளில் விட்டது இதே இனம். ஓடையிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட், கடலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டீல்ஹெட். ஒரே தாயின் முட்டையிலிருந்து இருவகையும் வரலாம்.

குளிர்கால வெள்ளத்தில் வளைகுடாவிலிருந்து ஓடைக்குள் ஏறும் பெண்மீன், நீரோட்டமுள்ள ஜல்லியை வாலால் விசிறிக் குழி பறித்து முட்டையிட்டு, மறுபடி ஜல்லியால் மூடும். ஜல்லி இடுக்குகளில் புது நீர் போய்வந்தால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு படிந்தால் செத்துவிடும். பொரித்த குஞ்சு ஓராண்டோ இரண்டாண்டோ ஓடையிலேயே வளர வேண்டும். அதாவது, மழையில்லாத கோடை ஒன்றையாவது அது தாண்டியாக வேண்டும். நீர் 25 டிகிரி செல்சியஸை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. கரைமர நிழலும், ஆழமான மடுவும், அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

பிறகு ஒரு வசந்தத்தில் அதன் உடம்பு மாறும். ஓடை நீரில் உப்பு அரிது. செவுள் அதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கடல் நீரில் உப்பு அளவுக்கு மீறி இருக்கும். வெளியே தள்ள வேண்டும். கடலைக் கண்ணால் காணும் முன்பே செவுளின் அணுக்கள் வேலையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன. உடல் வெள்ளியாக மின்னத் தொடங்கும். போகும்போது ஓடையின் வாசனையை மனப்பாடம் செய்துகொண்டு போகும். ஆண்டுகள் கழித்து அந்த வாசனையைப் பிடித்துத்தான் திரும்பும். பசிபிக் சால்மன் மீன்கள் மூக்கால் வழி கண்டுபிடிக்கின்றன என்பதை 1950களில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவர் மாணவர்களும் துலக்கினார்கள். சால்மன் முட்டையிட்டதும் சாகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வரும்.

மலை வரை போய்வந்த இந்த மீனின் பாதையை அணை 1935-ல் நறுக்கியது. மீன் ஏறும் படி எதுவும் அதில் இல்லை. அணைக்கு மேலே அதே இனத்து மீன்கள் இன்றும் வாழ்கின்றன, கடலைக் காணாமல். கீழே எஞ்சிய நீளத்திலும் பாலத்துக்கு அடியில் கான்கிரீட் தளம், குட்டித் தடுப்பணை என்று முட்டுக்கட்டைகள். 1997-ல் மத்திய கலிஃபோர்னியக் கடற்கரை ஸ்டீல்ஹெட்டை அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாக அமெரிக்க அரசு பட்டியலிட்டது. கூப்பர்டினோவில் பிளாக்பெரி ஃபார்ம் என்ற பூங்காவில் ஓடையை மறுபடி வளைத்து ஓடவிட்டு, மீனை மறித்த தடுப்புகளை எடுத்தார்கள். அந்த வேலையோடு சேர்ந்துதான் 2009-ல் அங்கே நடைபாதையும் திறந்தது.

அந்தப் பூங்காவின் பெயருக்கே ஒரு சரித்திரம். 1844-ல் சியரா நெவாடா மலையைத் தாண்டி முதன்முதலாக மாட்டுவண்டிகளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த எலைஷா ஸ்டீபன்ஸ் என்பவர் இந்தக் கரையில் குடியேறிப் பிளாக்பெரி வளர்த்தார். ஓடையின் பெயர் அவருடையது, எழுத்துதான் மாறிவிட்டது. அவருக்கு முன்பே, 1776 மார்ச்சில், ஸ்பானியத் தளபதி டி அன்ஸாவின் பயணக்குழு இங்கே ஒரு இரவு தங்கியது. உடன் வந்த பாதிரியார் ஃபான்ட், இத்தாலியின் கூப்பர்டினோ ஊர்ப் புனிதர் யோசேப்பின் பெயரை ஓடைக்குச் சூட்டினார். ஓடை அந்தப் பெயரை இழந்தது, ஊர் எடுத்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவன முகவரியில் உலகம் முழுக்கப் போகும் பெயர் இது. இவர்கள் எல்லோருக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே ஓலோனி மக்கள் இந்த வட்டாரத்தின் ஓடைக்கரைகளில் வாழ்ந்தார்கள். ஓக் மரக் கொட்டையை இடித்து, மாவின் கசப்பு போகும்வரை நீர் ஊற்றி அலசி உணவாக்கினார்கள். பெயர் வைத்தவர்களை நினைவு வைத்திருக்கும் பலகைகள் அவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகின்றன.

பக்கத்து ஓடை பெர்மனென்டேயின் கதை இன்னும் வேடிக்கை. பிளாக் மவுன்டனின் மறுபக்கத்தில் கெய்ஸர் என்ற தொழிலதிபர் நடத்திய சிமென்ட் ஆலை அந்த ஓடையின் பெயரை வாங்கியது. அவர் தொடங்கிய மருத்துவக் காப்பீடும் வாங்கியது. கெய்ஸர் பெர்மனென்டே அட்டையைப் பர்ஸில் வைத்திருக்கும் தமிழர்கள் சுமப்பது ஓர் ஓடையின் பெயரை.

பாதை ஏன் நடுவில் நிற்கிறது என்பதற்கு வருவோம். மவுன்டன் வியூ 1990களின் தொடக்கத்திலிருந்து துண்டு துண்டாகத் தன் பங்கைக் கட்டிக்கொண்டு வந்தது. மீதி இடத்தில் ஓடை ஒடுங்கிய பள்ளமாகி, ஒரு பக்கம் நெடுஞ்சாலையும் மறுபக்கம் வீட்டு மனைகளும் நெருக்குகின்றன. சில மனைகளின் பத்திரம் கரையையும் தாண்டி உள்ளே போகிறது. நான்கு நகராட்சிகள் சேர்ந்து செய்த சாத்தியக்கூறு ஆய்வு 2015-ல் வெளியானது. கூட்டங்களில் குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள்: கொல்லையில் அந்நியர் நடமாட்டம், திருட்டுப் பயம், வண்டி நிறுத்தும் தொல்லை. சூழல் ஆர்வலர்களில் சிலருக்கும் தயக்கம்: கரையை வெட்டிப் பாதை போட்டால் மீனுக்கு நிழல் போகும்.

இரண்டாவது தயக்கம் நியாயமானது. முதலாவதை நான் அவ்வளவாக மதிக்கவில்லை. கட்டிமுடித்த பகுதியில் பார்த்தால், மனிதர் நடமாடும் கரை நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் பார்க்காத கரையில்தான் உடைந்த நாற்காலியும் ஐவிக் கொடியும் சேர்கின்றன. அதற்காகப் பாதை ஓடையின் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போய், பாலங்களில் மட்டும் ஓடையைத் தொட்டாலும் போதும். மனிதர்கள் சுற்றிக்கொண்டு போகலாம், மீனால் முடியாது. ஆகவே முதல் செலவு மீனின் தடைகளை அகற்ற, அப்புறம் நமக்கு.

கீழ்க்கோடியில் ஓடை மொஃபட் விமானத்தளத்தை ஒட்டிப் போகிறது. ஆகாயக்கப்பலை நிறுத்த 1933-ல் கட்டிய, 60 மீட்டர் உயரக் கொட்டகை பாதையிலிருந்தே தெரியும். பிறகு கூகுள் கட்டடங்கள், உப்பளங்கள், சதுப்பு. அமிழ்ந்த நிலமாதலால் இங்கே ஓடை இரு மருங்கும் உயர்ந்த கரைகளுக்கு நடுவே ஓடி வளைகுடாவில் கலக்கிறது. 2003-ல் அரசு சுமார் 6,100 ஹெக்டேர் உப்பளங்களை வாங்கி, பகுதி பகுதியாக மறுபடி அலையேறும் சதுப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது. கடலுக்குப் போகும் மீன்குஞ்சு உப்புக்குப் பழகிக்கொள்ள இப்படிப்பட்ட இடைநிலம் வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிறவர்கள், ஷாப்பிங் மாலுக்கு ஒதுக்கிய சனிக்கிழமைகளில் ஒன்றை மிச்சம் பிடியுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு நல்ல மழை கொட்டி இரண்டு நாள் ஆன பிறகு மான்டி பெல்லோவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஓடைக்கு இறங்கும் தடம் ஏறி இறங்கி ஐந்து கிலோமீட்டர் போல வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் குட்டை வரை போய்த் திரும்பினால் போதும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மூன்றிலைச் செடியைத் தொடாதீர்கள். சேறு அதிகமானால் சில தடங்களை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.